துண்டு இல்லாமல் தோட்டம் மாறக்கூடாது

பதினொரு பக்கங்கள். தலைப்பில் 'நியமனக் கடிதம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சுருவிலில் வாழும் என் உறவினர் ஒருவர் அதனைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய மகனுக்கு யாழ் நகரத்தில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று வேலை கொடுத்திருக்கிறது. பின்னேரம் தொலைபேசியிலும் வந்தார்.

"அண்ணை, பொடியன் நாளைக்குக் கையெழுத்து வைக்கப்போறன் எண்டு நிக்கிறான். ஏழரை இலட்சம் எண்டு ஒரு இடத்திலை போட்டிருக்கு. அது அவங்கள் தாற காசோ, நாங்கள் குடுக்கிற காசோ?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்களில் தொழிலாளர் பிரச்சினைகளை எழுதி வந்திருக்கிறேன். தொழில் அமைச்சர்கள் பலரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். இத்தனை நேரான கேள்வி எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

நாங்கள் கொடுக்கிற காசுதான். அந்தக் கடிதத்தின்படி இளைஞன் இரண்டு ஆண்டுகள் கம்பனியை விட்டு விலகக்கூடாது. விலகினால் 'பயிற்சிச் செலவு' என்ற பெயரில் 750,000 ரூபா கட்டவேண்டும். தகப்பனார் பிணையாளியாகக் கையெழுத்திடவேண்டும். பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கம்பனியிடம் ஒப்படைக்கவேண்டும். இரண்டு ஆண்டு கழிந்த பின்னர் விலகுவதானாலும் மூன்று மாதம் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். கம்பனி அவனை நீக்குவதானால் காரணம் கூறவேண்டியதில்லை, ஒரு நாளும் முன்னறிவிக்க வேண்டியதில்லை. விலகிய பின்னரும் இரண்டு ஆண்டுகளுக்கு 'உலகின் எப்பகுதியிலும்' போட்டி நிறுவனம் எதிலும் அவன் பணியாற்றக்கூடாது. சேவைக் காலத்தில் அவன் உருவாக்கும் எதுவும், வீட்டில் உருவாக்கினாலும் இரவில் உருவாக்கினாலும், கம்பனிக்கே சொந்தம். பிணக்கு ஏற்பட்டால் கொழும்பில் நடுத்தீர்ப்பு; அதன் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளவேண்டும்.

கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. பையன் அங்கே வேலை செய்கிறான். அதன் முதலாளி புலம்பெயர்ந்த தமிழர் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அது இக்கட்டுரைக்கு வேண்டும்.

இக்கடிதத்தைப் படித்து முடித்தபோது சட்டப் புத்தகம் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. மலையகத்தின் பழைய 'துண்டு' நினைவுக்கு வந்தது. இளைய வாசகர்கள் பலர் அச்சொல்லை இந்தப் பொருளில் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்களைக் கொண்டுவந்த கங்காணி, தோட்டத் துரையிடம் முற்பணம் வாங்குவான். வழிச் செலவு, அரிசி, கம்பளி என்று அத்தனையும் கூலியாளின் தலையில் கடனாக ஏறும். கடன் தீரும்வரை ஆள் தோட்டத்தை விட்டுப் போகமுடியாது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு துண்டுக் கடதாசியில், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று எழுதிக் கொடுப்பார். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். இதுதான் துண்டு. துண்டு இல்லாமல் வெளியேறினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம் காத்திருந்தது. அனுமதியின்றி வேலையை விட்டுப் போனவனைச் சிறைக்கு அனுப்ப அதில் இடமிருந்தது. இந்தியாவிலும் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இதே வேலையைச் செய்தது. இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இந்தியச் சட்டம் 1925இல் நீக்கப்பட்டது.

இனி இன்றைய மென்பொருள் உலகத்துக்கு வாருங்கள். பழைய கம்பனி 'விடுவிப்புக் கடிதம்' கொடுத்தால்தான் புதிய கம்பனி சேர்த்துக்கொள்ளும். முன்னறிவித்தல் காலத்தை முழுமையாக நிறைவேற்றாமல் வருவதானால், அதற்குரிய தொகையைப் புதிய கம்பனி கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். பெங்களூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் இது அன்றாட நடைமுறை. கடதாசியின் இடத்தில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. தொகையை எழுதுபவரின் பதவிக்கு மனிதவள முகாமையாளர் என்று பெயர்.

குளிரூட்டிய அறையில் இருந்து கணினி தட்டுபவனையும், அட்டைக்கடியில் நின்று கொழுந்து பறித்தவளையும் ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுழிப்பார்கள். இருவருடைய துயரும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மலையக மக்களை அவமதிப்பதாகும். யாழ்ப்பாணத்தார் அதனை ஏற்கெனவே போதுமான அளவு செய்திருக்கிறோம். தோட்டத்துக் கந்தோர்களில் பேரேடு எழுதியவர்களில் எங்களவர்களும் இருந்தார்கள். நான் ஒப்பிடுவது கருவியை மட்டுமே. உழைப்பவன் போகவிரும்பும்போது, அவன்மீது ஒரு கடனைக் கற்பித்து, அக்கடனை வைத்து அவனை நிறுத்துவது என்ற கருவி நூறு ஆண்டுகளுக்கு முன்னர் சட்டத்தினால் ஒழிக்கப்பட்ட ஒன்று. அது இப்போது படித்தவர்கள் நடத்தும் கம்பனிகளில், படித்தவர்களுக்கு எதிராகவே மீண்டும் வந்திருக்கிறது.

அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? 'பயிற்சிச் செலவு' என்கிறார்கள். இந்த இளைஞன் கிராமத்துப் பாடசாலையில் படித்தான். பின்னர் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கணினி விஞ்ஞானம் படித்தான். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வியின் பிள்ளை அவன். அவனுக்குச் செலவு செய்தது இந்நாட்டின் வரி செலுத்தும் மக்கள்: மீன்பிடிப்பவர், சீவல் தொழில் செய்பவர், வெங்காயம் நடுபவர். கம்பனி கொடுத்த 'பயிற்சி' என்னவென்று விசாரித்தேன். மூன்று வாரம் ஒரு மூத்த பொறியியலாளரின் அருகில் இருத்தினார்களாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காணொளிகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்களாம். நான்காவது வாரத்திலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலையைச் செய்கிறான். அதற்குக் கம்பனி டொலரில் கணக்கு எழுதுகிறது. ஏழரை இலட்சம் ரூபா எந்த இடத்தில் செலவாயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

பிணைமுறி என்பது எங்களுக்குப் புதிய சொல்லல்ல. பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மேற்படிப்புக்காகச் சம்பளத்துடன் வெளிநாடு போகும்போது பிணைமுறியில் கையெழுத்திடுவார்கள். திரும்பி வராவிட்டால் பணத்தைக் கட்டவேண்டும். அதில் நியாயம் உண்டு. உண்மையான செலவு இருக்கிறது. அதற்குக் கணக்கும் இருக்கிறது. அந்த நியாயத்தின் போர்வையைத்தான் இவர்கள் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இந்திய நிலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் கம்பனிகள் பெரும்பாலும் அங்குள்ள கடிதங்களையே எழுத்துக்கு எழுத்து பிரதி செய்கின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 27ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழில் எதனையும் ஒருவர் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வியாபாரம் ஒன்றை அதன் நற்பெயரோடு விற்பவருக்கு மட்டுமே விதிவிலக்கு. அதே 1872இல், உலகின் மறுகோடியில் கலிபோர்னியா மாநிலமும் தனது சட்டக்கோவையில் ஏறத்தாழ இதே வாசகத்தை எழுதிக்கொண்டது. தற்செயல் அல்ல. நியூயோர்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் தயாரித்த சட்டக்கோவை வரைவே இரண்டுக்கும் மூலம். வேடிக்கை என்னவென்றால் நியூயோர்க் அதனை ஏற்கவில்லை. கல்கத்தாவும் கலிபோர்னியாவும் ஏற்றன. ஒரு கம்பனியை விட்டு மறுநாள் எதிர்க் கம்பனிக்குப் போகலாம் என்ற சுதந்திரத்தின் மீதுதான் சிலிக்கன் பள்ளத்தாக்கு வளர்ந்தது என்று வாதிடும் அறிஞர்கள் பலர் உண்டு. அதே விதையைப் பெற்ற இந்தியாவில் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அச்சம் அலுவலகத்தில் இருக்கிறது.

2022இல் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மீது புனேயைச் சேர்ந்த கணினி ஊழியர் சங்கம் ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சிடம் முறையிட்டது. விலகிய ஊழியர், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் தாம் வேலை செய்துகொடுத்த வாடிக்கையாளரிடம் ஆறு மாதத்துக்குச் சேரக்கூடாது. பெயர் குறிப்பிட்ட போட்டிக் கம்பனிகளில் சேர்ந்து அதே வாடிக்கையாளருக்கு வேலை செய்யவும் கூடாது. இதுவே அங்கே பிரச்சினையாயிற்று. இது துறையின் வழமையான நடைமுறை என்று கம்பனி பதிலளித்தது. வழமை என்பது உண்மைதான். 27ஆம் பிரிவு நூற்றைம்பது ஆண்டாகப் புத்தகத்தில் இருக்கும் நாட்டில் இது எப்படி வழமையாயிற்று என்பதுதான் கேள்வி.

பிணைமுறி எல்லாமே செல்லாது என்று நான் எழுதினால் அது வாசகரை ஏமாற்றுவதாகும். 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுக்கு முன்னர் விலகினால் இரண்டு இலட்சம் ரூபா கட்டவேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கம்பனிகளின் சட்டத்தரணிகள் அத்தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதை முழுமையாகப் படிக்கட்டும். அரசு வங்கி ஒன்று பகிரங்க விளம்பரம், போட்டித் தேர்வு முதலிய நீண்ட நடைமுறை வழியாகவே ஆள் எடுக்கவேண்டும், இடையில் ஒருவர் போனால் மீண்டும் அத்தனை செலவு என்பதையும், அந்த அலுவலரின் பதவிக்கும் சம்பளத்துக்கும் அத்தொகை மிகையானதல்ல என்பதையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. அங்கே பிரச்சினையானது வேலையில் இருக்கும் காலம் பற்றிய நிபந்தனை. விலகிய பின் வேறெங்கும் போகாதே என்ற தடை அல்ல. மேலும் அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மாத்திரமே. அதற்குட்பட்டு நியாயமான நட்டஈட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். மூன்று வாரக் காணொளிக்கு எத்தனை ரூபா நியாயம் என்பதைக் கம்பனிதான் நீதிமன்றத்தில் விளக்கவேண்டியிருக்கும்.

இலங்கையில் 27ஆம் பிரிவு போன்ற ஏற்பாடு இல்லை. தொழிலைத் தடுக்கும் நிபந்தனை நியாயமானதா, கம்பனியின் உண்மையான நலன் ஒன்றைக் காப்பதற்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவுக்குள் நிற்கிறதா என்று நீதிமன்றம் நிறுத்துப் பார்க்கும். 'உலகின் எப்பகுதியிலும் இரண்டு ஆண்டு' என்பது அந்தத் தராசில் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரிந்த மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். "இதை எழுதினவருக்கே தெரியும் நிக்காது எண்டு. வழக்குப் போடுறதுக்கு எழுதினதில்லை; பொடியன் வாசிச்சுப் பயப்பிடுறதுக்கு எழுதினது" என்றார்.

முழு விடயமும் இதற்குள் அடங்கியிருக்கிறது. செல்லாத வாசகத்தை எழுதுவதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. பத்துப் பேர் கையெழுத்திட்டால் ஒன்பது பேர் பயந்து அடங்கிவிடுவார்கள். பத்தாவது ஆள் எதிர்த்து நின்றால் அவனை மட்டும் பேசாமல் விட்டுவிடலாம். முதலாளிக்கு நட்டமே இல்லாத சூதாட்டம் இது. சான்றிதழ் விடயத்தில் இதனை நேரில் கண்டேன். மூலப்பிரதியைக் கொடாதே, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதியைக் கொடு, கேட்டால் மூலப்பிரதியைக் காட்டிவிட்டு உடனே திருப்பி வாங்கு என்று பையனுக்குச் சொன்னேன். அப்படியே செய்தான். கம்பனி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனோடு சேர்ந்த மற்றவர்களின் பட்டச் சான்றிதழ்கள் இன்றும் அந்த அலுவலகத்து அலுமாரியில் கிடக்கின்றன.

இலங்கையின் தொழிற்சட்டங்கள் இந்தியாவினுடையவற்றை விடச் சில இடங்களில் வலிமையானவை. எங்கள் இளைஞர்களுக்கு அது தெரியாது. பாடசாலையிலும் சொல்லிக்கொடுப்பதில்லை, பல்கலைக்கழகத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை. மென்பொருள் எழுதுபவரும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம். வேலைக்குச் சேரும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும். நிர்வாகத் தரத்தினருக்கு மேலதிக நேர விதிகள் பொருந்தா என்ற வாசல் ஒன்று இருப்பதனால்தான், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் 'எக்சிக்கியூட்டிவ்' என்று பட்டம் சூட்டுகிறார்கள். பட்டம் கிடைத்த மகிழ்ச்சியில் அவனும் முகநூலில் படம் போடுகிறான். இரவு பதினொரு மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் பேசுவதற்கு ஒரு சதமும் கிடைக்காது என்பது பிறகுதான் விளங்கும்.

'காரணமின்றி எவ்வேளையிலும் நீக்கலாம்' என்ற வாசகத்தைப் பாருங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், 180 நாள் சேவை முடித்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நீக்குவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எனவேதான் எவரையும் 'நீக்குவதில்லை'. அறைக்குள் கூப்பிட்டு, நீயே விலகல் கடிதம் எழுதித் தா, இல்லாவிட்டால் சேவைச் சான்றிதழில் கெடுதலாக எழுதுவோம் என்கிறார்கள். எழுதிக் கொடுத்தவுடன் சட்டம் தந்த பாதுகாப்பு முழுவதும் அந்தக் கடதாசியோடு போய்விடுகிறது. அறையை விட்டு வெளியே வாருங்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், எதுவும் எழுதாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 31ஆ(4) என்றொரு சிறு பிரிவு இருக்கிறது. சேவை ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் நியாய சபை நிவாரணம் வழங்கலாம் என்பது அதன் பொருள். பதினொரு பக்கத்துக்கும் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதனால்தான் சில கம்பனிகள் புதிய வழி கண்டிருக்கின்றன. ஊழியர் என்றே எழுதுவதில்லை. 'சுயாதீன ஆலோசகர்' என்று எழுதுகின்றன. காலை எட்டரைக்கு வரவேண்டும், விடுப்புக்கு அனுமதி கேட்கவேண்டும், கம்பனியின் மடிக்கணினியில்தான் வேலை செய்யவேண்டும். ஆனால் ஆலோசகர். ஆலோசகருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. முதலாளி கட்டவேண்டிய 12 வீதம் மிச்சம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் இல்லை; மூன்று வீதம் மிச்சம். ஐந்தாண்டு வேலை செய்தாலும் பணிக்கொடை இல்லை. பெயரை மாற்றி எழுதுவதால் உறவு மாறிவிடாது. யார் கட்டளையிடுகிறார், யார் கீழ்ப்படிகிறார் என்பதைப் பார்த்தே சட்டம் தீர்மானிக்கும். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பேசிய இளைஞர்களில் ஒருவர்கூட இல்லை.

முறையிட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? சென்னையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2015இல் நீக்கிய ஊழியர் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றம் சென்றார். அவர் தொழிலாளி அல்லர், முகாமை நிலையில் இருந்தவர் என்பது கம்பனியின் வாதம். 'எக்சிக்கியூட்டிவ்' பட்டத்தின் இந்தியச் சகோதரன் அது. 2022இல் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, முழுச் சம்பளப் பாக்கியுடன் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தும்படி உத்தரவிட்டது. ஏழு ஆண்டுகள். ஒரு மனிதரின் வாழ்வில் ஏழு ஆண்டுகளை வழக்கு தின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். கணினி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியதும் இத்தகைய போராட்டங்களின் பின்னர்தான். அவர் வென்ற 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்திருக்கிறது. யார் தொழிலாளி என்ற பழைய சண்டை அதற்குள்ளும் தொடரும். அதே டாட்டா நிறுவனத்தின் மீது 2006இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு தொடரப்பட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்கள் தமக்குரிய வருமான வரி மீளளிப்பைக் கம்பனிக்கே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது என்பது அதன் முக்கிய குற்றச்சாட்டு. 2013இல் 29.75 மில்லியன் டொலர் கொடுத்து அவ்வழக்கைச் சமரசமாக முடித்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது. ஆனாலும் பணம் கொடுக்கவேண்டி வந்தது.

இப்போது நான் முதலில் சொல்லிவைத்த புலம்பெயர்ந்த முதலாளியிடம் வருகிறேன். யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனம் தொடங்குபவர்களில் நல்லவர்கள் பலரை நான் அறிவேன். சம்பளம் சரியாகக் கொடுத்து, சேமலாப நிதி கட்டி, போக விரும்புபவனைத் தேநீர் கொடுத்து அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்களைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. 'ஊருக்கு உதவுகிறோம், போரினால் அழிந்த மண்ணில் வேலைவாய்ப்புக் கொடுக்கிறோம்' என்று கனடாவிலும் இலண்டனிலும் மேடையேறி மாலை வாங்கிக்கொண்டு, ஊரில் இந்தப் பதினொரு பக்கத்தை நீட்டுபவர்களோடுதான் எனக்கு வழக்கு.

ஐயா, நீங்கள் ரொறன்ரோவில் இருக்கிறீர்கள். ஒன்ராறியோ மாகாணம் 2021 ஒக்டோபர் 25 முதல், வியாபாரத்தை விற்பவர்களையும் உயர்மட்ட நிறைவேற்று அதிகாரிகளையும் தவிர, ஊழியர் எவர்மீதும் இத்தகைய போட்டித் தடையை விதிக்கக்கூடாது என்று சட்டம் செய்திருக்கிறது. உங்கள் வீதியில் வசிக்கும் வெள்ளைக்காரப் பொறியியலாளரிடம் நீட்டமுடியாத கடதாசியைச் சுருவில் பையனிடம் நீட்டுகிறீர்கள். தீவகத்தார் பெருமளவில் குடியேறிய பிரான்ஸில், போட்டித் தடை வேண்டுமானால் அந்தக் காலத்துக்கு ஊழியருக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002 ஜூலை 10இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024இல் நாடு முழுவதற்கும் தடை கொண்டுவர முயன்றது. டெக்சாஸ் நீதிமன்றம் அதே ஆண்டு ஓகஸ்டில் அதனை முறியடித்தது. 2025இல் ஆணைக்குழு மேன்முறையீட்டையும் கைவிட்டது. அது வேறு கதை. கலிபோர்னியா மட்டும் தன் 1872ஆம் ஆண்டு வாசகத்தை விடவில்லை.

இதில் எனக்குக் கோபம் அதிகம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தீவுப்பகுதி மக்கள் எப்படி முன்னேறினார்கள்? மழையை நம்பிய தரவை நிலம். குடிக்கும் தண்ணீருக்கே அலைச்சல். பதினான்கு, பதினைந்து வயதில் கொழும்பிலோ தெற்கில் ஏதோவொரு பட்டினத்திலோ ஊரவரின் கடையில் 'கடைக்கு நிற்க' அனுப்புவார்கள். மூட்டை சுமந்து, பொட்டலம் கட்டி, கணக்கு எழுதி, ஏழெட்டு ஆண்டில் வியாபாரம் பழகி, அதே வீதியில் எதிர்ப் பக்கத்தில் தனிக்கடை போடுவான். பழைய முதலாளி நாலு வார்த்தை திட்டுவார். பிறகு கடை திறப்பு விழாவுக்கு வந்து முதல் வியாபாரத்தைத் தன் கையால் செய்வார். சம்பளம் குறைவு, நேரம் நீளம், அடியும் விழுந்திருக்கும். அந்தக் காலத்தை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் 'விலகி இரண்டு ஆண்டு கடை போடக்கூடாது' என்று எவரும் எழுதி வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் எழுந்த கல்வீடுகளில் பாதி எழுந்திருக்காது. அந்தக் கடைகளின் வருமானத்தில் படித்து, 1990இன் இடப்பெயர்வுக்குப் பின் கடல் கடந்து, இன்று கம்பனி முதலாளியானவர்கள்தான் இப்போது கடைப் பையனின் காலைக் கட்டுகிறார்கள்.

படைப்புரிமை பற்றிய வாசகத்தையும் விட்டுவிட முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கணினி நிரல் எழுத்துப் படைப்புகளோடு சேர்த்துப் பாதுகாக்கப்படுகிறது. ஊழியர் தன் வேலையின் போக்கில் உருவாக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குரியது. சரி, சம்பளம் கொடுத்தவருக்கு அது போகட்டும். ஆனால் வேலையின் போக்கில் என்ற சொற்களைத் தாண்டி, இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஏன் எழுதி வாங்குகிறீர்கள்? இந்தப் பையன் ஊர்ச் சனசமூக நிலையத்து நூல்களைப் பதிவுசெய்ய ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறான். பதினொரு பக்கத்தின்படி அதை அவன் இனித் திருத்தும் ஒவ்வொரு வரியும் கம்பனிக்குச் சொந்தம். கணினியில் தமிழ் இன்றிருக்கும் நிலைக்கு வந்ததே, பகல் முழுவதும் வேறெங்கோ சம்பளத்துக்கு உழைத்துவிட்டு இரவில் எழுத்துருவும் விசைப்பலகையும் செய்தவர்களால்தான். எ-கலப்பையும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அப்படித் தன்னார்வத்தில் எழுந்தவை. அவர்களுடைய முதலாளிமார் இப்படி எழுதி வாங்கியிருந்தால் இக்கட்டுரையை நான் தட்டச்சுச் செய்திருக்கவே முடியாது. ஊழியர் தன் நேரத்தில், தன் கருவியில், கம்பனியின் தொழிலோடு தொடர்பில்லாமல் செய்தவற்றைக் கம்பனி எழுதி வாங்கக்கூடாது என்று கலிபோர்னியாவின் தொழிற்சட்டம் சொல்கிறது. முதலாளிகளின் சொர்க்கம் என்று நாம் நினைக்கும் இடத்தின் சட்டம் அது.

பையன் கையெழுத்து வைத்துவிட்டான். வைக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வேலை நான் எடுத்துக் கொடுக்கப்போகிறேனா? ஆனால் தகப்பனாரைப் பிணையாளியாகக் கையெழுத்திட விடவில்லை. அதற்கும் கம்பனி ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்திட்ட கடிதத்தின் பிரதி ஒன்றை வாங்கி வைத்திருக்கச் சொன்னேன். பலருக்குப் பிரதியே கொடுப்பதில்லை என்று பிறகு அறிந்தேன். உங்கள் பிள்ளைகளிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்: பிரதி கையில் இருக்கிறதா, சான்றிதழ் எங்கே இருக்கிறது, சேமலாப நிதி இலக்கம் கிடைத்ததா என்று.

புலம்பெயர்ந்த முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் உங்கள் நாட்டில் ஊழியருக்குக் கொடுக்கும் நியமனக் கடிதத்தையும் யாழ்ப்பாணத்தில் கொடுக்கும் நியமனக் கடிதத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, இரண்டையும் தமிழாக்கி, இப்பக்கத்தில் அருகருகே வெளியிடுகிறேன். எதிர்வாதம் இருந்தால் அதனையும் ஒரு சொல் வெட்டாமல் வெளியிடுவேன்.